இடப்பக்கப் பெடல்

2022 ஜூலை 2, சனி

பெற்றோல் லீட்டர் 470 ரூபா. ஜூன் 28இலிருந்து அதுவும் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான். பெல்மதுளைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்று நின்று சலித்த சனம், லயத்துக்குப் பின்னால் போட்டுவைத்த சைக்கிள்களை வெளியே எடுக்கிறது. அக்கா வீட்டுச் சைக்கிளும் வந்தது. மருமகன் மாணிக்கக் கல் பட்டை தீட்டும் பட்டறைக்குப் போகவேண்டும். போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை.

டயர், செயின் எல்லாம் சரி. இடது பெடல் கோணி நிற்கிறது, மாற்றத்தான் வேண்டும். ஆனால் கிராங்கோடு இறுகிப் பிடித்திருக்கிறது. இரத்தினபுரி மாவட்டத்து மழையில் வருடக் கணக்காய்க் கிடந்த இரும்பு, வேறு எப்படி இருக்கும்?

ஜூலை 3, ஞாயிறு

"மாமா, இது வராது. வாளால அறுத்துடுவோம்" என்கிறான். நான் விடவில்லை. அறுத்தால் தண்டின் பாதி கிராங்குக்குள்ளேயே நிற்கும், பிறகு கிராங்கும் மாற்றவேண்டும். இப்போது அதை எங்கே போய் வாங்குவது?

ஏற்கெனவே யாரோ வலப்பக்கப் பெடல்போல நினைத்து மல்லுக்கட்டியிருக்கிறார்கள், ஸ்பேனர் பிடிக்கும் விளிம்பு மழுங்கியிருக்கிறது. இடது பெடலின் மரை எதிர்மரை. கடிகார முள் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். ஸ்பேனரை மேல்நோக்கி வைத்துப் பின் சில்லுப் பக்கம் தள்ளவேண்டும் என்று நினைவில் வைத்தால் இரு பக்கமும் தப்பாது. காரணமும் அவனுக்குச் சொன்னேன்: மிதிக்கும்போது காலின் பாரம் துளையைச் சுற்றிச் சுற்றி அழுத்தும், அந்த அழுத்தத்தில் தண்டு மயிரிழை மயிரிழையாய் எதிர்ப்பக்கம் உருளும். இடது பக்கமும் சாதாரண மரை போட்டிருந்தால், ஓட ஓடத் தானே கழன்றுவிடும்.

குப்பி லாம்புக்கு ஒதுக்கிய மண்ணெண்ணெயில் கொஞ்சம் அக்கா தந்தார். இந்த நாட்களில் அது சின்ன உதவியில்லை. பழைய என்ஜின் எண்ணெயோடு கலந்து வெளிப்பக்கம் விட்டேன், கிராங்கின் உள்பக்கம் தண்டின் முனை தெரியும் இடத்திலும் விட்டேன். பலர் அந்தப் பக்கத்தை மறந்துவிடுகிறார்கள்.

ஜூலை 4, திங்கள்

மழை. மறுபடி எண்ணெய். இரண்டு தட்டுத் தட்டினேன்.

ஜூலை 5, செவ்வாய்

கொட்டர் பின்னைத் தட்டிக் கிராங்கையே கழற்றினோம். பெடலின் மூடி, கோன், குண்டுகள், ரப்பர் கட்டை எல்லாம் எடுத்தபின் வெறும் தண்டுதான் மிச்சம். ரப்பர் மர விறகு அடுப்பின் தணலில் கிராங்கின் தண்டு இருக்கும் முனையைச் சுட வைத்து, மெழுகுவர்த்தியால் அதைத் தொட்டேன். மெழுகு உருகி மரைக்குள் ஓடியது. (அலுமினியக் கிராங்க் என்றால் தணல் வேண்டாம், கொதிநீர் ஊற்றிப் பார்க்கலாம். அது இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும்.)

பிறகு தெரிந்தவர் பட்டறையின் வைஸில் தண்டைக் கடிக்கவிட்டு, கிராங்கின் மேல் குழாய் செருகி, கிராங்கையே திருப்பினோம். ஸ்பேனர் வழுக்கும் பிரச்சினையே இல்லை. முதலில் அசையவில்லை. மருமகன் மூச்சுப்பிடித்துத் தொங்கினான். "டக்" என்று ஒரு சத்தம், அவன் முகத்தில் அப்படியொரு சிரிப்பு! செந்நிறத் தூள் உதிர உதிரச் சுற்றி வந்துவிட்டது. மரை சேதமில்லை.

புதுப் பெடலுக்குக் கிரீஸ் தடவி, முதல் சுற்றுகளை விரலாலேயே ஏற்றச் சொன்னேன். நாளை பக்கத்து லயத்து அண்ணனின் சைக்கிள். அதில் இரண்டு பெடலும் இறுகியிருக்கிறதாம்.