அண்டாவின் நடுவில் ஆறாத சூடு

கிள்ளான் பசாரில் காலை வியாபாரம் ஓய்வதற்குள் மாதிரி எடுத்துவிட வேண்டும் என்று அந்த ஆய்வாளர் வேகமாக நடந்தார். முனைவர் பட்டம் முடித்து, செர்டாங்கில் உணவு வழி நோய்க் கிருமிகளை ஆராய்பவர். கோழிக் கடைக்காரருக்கு அவரைத் தெரிந்திருக்கிறது. “வாங்க தங்கச்சி, இன்னிக்கும் பலகையா?” என்று ஒதுங்கி நின்றார்.

கிருமி நீக்கிய பைக்குள் கையை விட்டு, பையாலேயே ஒரு கோழித் துண்டைப் பற்றி, அப்படியே புரட்டி மூடினார். விரல் எதிலும் படவில்லை. பிறகு ஈரப் பஞ்சுக் குச்சியை எடுத்தார். கத்தி விழுந்து விழுந்து பலகையின் நடு குழிந்திருந்தது. அந்தக் குழியிலும் வெடிப்புகளிலும்தான் வெகுநேரம் தேய்த்தார்.

ஆய்வகத்தில் 25 கிராம் கறியை 225 மில்லி பெப்டோன் நீரில் கலக்கி, 37 பாகை செல்சியஸில் இரவெல்லாம் வைக்கிறார்கள். குளிரில் நலிந்த கிருமி முதலில் தேற வேண்டும். அதன் பிறகே மற்றக் கிருமிகளை அடக்கி சல்மோனெல்லாவை மட்டும் வளரவிடும் கரைசலுக்கு மாற்றுவார்கள். முந்தைய மாதிரி ஒன்றின் தட்டைக் காட்டினார். சிவந்த கூழில் சின்னச் சின்னப் புள்ளிகள், ஒவ்வொன்றின் நடுவும் கன்னங்கறுப்பு. கிருமி வெளிவிடும் கந்தக வாயு கூழிலுள்ள இரும்போடு சேர்வதால் வரும் கறுப்பு அது. முடிவு உறுதியாக நான்கைந்து நாள் ஆகும். கோழியை வாங்கியவர்கள் அதற்குள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள்.

2013இல் கெடாவில் திருமண விருந்தின் கோழிக் கறி 4 உயிர்களைக் கொண்டுபோனது. காரணம் சல்மோனெல்லா. பார், முகர், சுவை என்று சுகாதார அமைச்சு மக்களுக்குச் சொல்லிவருகிறது. நல்ல எண்ணம்தான், ஆனால் போதாது என்பேன். ஆளைப் படுக்கவைக்கும் அளவு கிருமி இருந்தும் கறி மணக்கவே மணக்கும்.

மாலையில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கேட்டரிங் சமையற்கூடம். மறுநாள் கல்யாணத்துக்கு ஆட்டுக்கறிக் குழம்பு இறக்கியாகிவிட்டது. “ராத்திரியே ஆக்கி வெச்சாத்தாம்மா பந்திக்கு ஆகும்” என்றார் சமையல் பெரியவர். ஆய்வாளர் நீண்ட வெப்பமானிக் கம்பியை அண்டாவுக்குள் இறக்கினார். ஓரத்தில் தொட்டுப் பார்க்கும் சூடு. நடுவிலோ 60 பாகைக்கு மேல்.

“கொதிச்சதுல எல்லாம் செத்திருக்குமே?”

“சல்மோனெல்லா செத்துடும், அங்கிள். இன்னொண்ணு சாகாது.”

அந்த இன்னொன்று குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ். அதன் வித்துகள் கொதியைத் தாங்கும். கொதித்த குழம்பில் காற்று வெளியேறியிருக்கும்; காற்றில்லாத இடம்தான் அதற்கு வேண்டும். சூடு 45 பாகையை ஒட்டி இறங்கும்போது பத்து நிமிடத்துக்குள் இரட்டிப்பாகும். மூடிய பெரிய அண்டா அந்தச் சூட்டிலேயே மணிக்கணக்காக நிற்கிறது. கொதிக்கவைத்தோம் என்ற நிம்மதியில் நாம் கவனிக்காமல் விடுவது இந்த நேரத்தைத்தான்.

57 பாகையிலிருந்து 2 மணி நேரத்தில் 21க்கும், மொத்தம் 6 மணி நேரத்தில் 5க்கும் இறக்க வேண்டும் என்கிறது அமெரிக்க உணவு விதிநூல். அண்டாவில் அது நடக்காது. ஆழமில்லாத தட்டுகளில் பிரித்து ஊற்றிக் குளிரறைக்குள் வைக்க வேண்டும். அத்தனை தட்டுக்கும் குளிரறைக்கும் எங்கே போவது என்று பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. மலேசியாவின் 2009 உணவுச் சுகாதார விதிகள் சமைப்பவருக்குப் பயிற்சியையும் டைபாய்டு தடுப்பூசியையும் கட்டாயமாக்கின. சிறு கேட்டரிங்காரர் குளிரறை வைக்கவும் யாராவது கைகொடுக்க வேண்டும்.

அன்றைக்கு இருந்த தட்டுகளிலெல்லாம் ஊற்றினார்கள். மிச்சத்தைச் சிறு பாத்திரங்களில் பிரித்து, ஐஸ் தண்ணீரில் வைத்துக் கிளறினார்கள். “சோறு?” என்றார் பெரியவர். ஆறிக் கிடக்கும் சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் உண்டாக்கும் வாந்தி நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது என்று விளக்கி, “சோத்த மட்டும் காலைல வடிங்க, அங்கிள்” என்றார் ஆய்வாளர்.