இன்ஜின் மேல உட்கார்ந்து நானூத்தம்பது கிலோமீட்டர்

பட்டறையில சொல்ற "நாளைக்கு" வேற, காலண்டர்ல இருக்கிற நாளைக்கு வேற. ஊர்ப்பக்கம் பழைய வண்டி வச்சிருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். சென்னையிலும் கோவையிலும் இருக்கிற உங்களுக்கு வண்டி தயார்னு போனுக்கு மெசேஜ் வரும். எங்களுக்கு அதெல்லாம் வராது. நாமதான் பைக்கை எடுத்துக்கிட்டுப் போய்ப் பார்க்கணும். போனா, விட்ட இடத்துலயே விட்ட மாதிரியே நிக்கும். புதுசா என்னன்னு பார்த்தா, மேல வேப்பிலை கொட்டியிருக்கும்.

நான் வச்சிருக்கிறது 2009 மாடல் ஆம்னி. 2015-ல ரெண்டாவது கையா வாங்கினது. முருங்கைக்காய் கட்டு, கத்திரிக்காய் மூட்டை, உர மூட்டை, ஒரு தடவை குட்டியோட தாயாடு, கல்யாணத்துக்கு ஒன்பது பேர், எல்லாம் ஏத்தியிருக்கேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவுல அது ஓடின தூரத்தைக் கூட்டினா காசிக்குப் பல தடவை போய் வந்திருக்கலாம். 15 வருஷம் முடிஞ்சு 2024-ல ஆர்.சி. புதுப்பிச்சேன். கட்டணம் மட்டும் 5,000 ரூபாய், பசுமை வரி தனி. "இந்தக் காசுக்கு வண்டியையே எடைக்குப் போட்ரலாமே"ன்னு மச்சான் சொன்னான். அவனுக்கென்ன, அவன் பஸ்ஸுல போறவன்.

ஆம்னி ஓட்டாதவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும். இந்த வண்டியில இன்ஜின் முன்னாடியும் இல்லை, பின்னாடியும் இல்லை. நாம உட்கார்ற சீட்டுக்கு அடியில இருக்கு. சீட்டைத் தூக்கினாத்தான் இன்ஜின் தெரியும். 796 சி.சி., மூணு சிலிண்டர். ரேடியேட்டர் மட்டும் முன்னாடி இருக்கும். அதனால வண்டி சூடானா முள்ளைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே நமக்குத் தெரிஞ்சிரும், எங்க தெரியும்னு சொல்ல வேண்டியதில்லை. மெக்கானிக்குங்களும் இந்த வண்டின்னா கொஞ்சம் முகம் சுளிப்பாங்க. இடம் குறைவு, கை உள்ள போகாது, போனா தோலோட வெளியே வராது.

இந்த வருஷம் மார்ச்சுல முள்ளு ஏற ஆரம்பிச்சது. சமதரையில ஒண்ணுமில்லை. லோடு ஏத்திக்கிட்டு மேட்டுல ஏறினா முக்கால் வரைக்கும் போகும். வேற சமயமா இருந்தா மார்க்கெட்டுக்குத்தானேன்னு தள்ளிப் போட்டிருப்பேன். ஆனா சென்னையில பொண்ணுக்குப் பிரசவம் ஆகி, என் வீட்டுக்காரம்மா தாம்பரத்துலயே ரெண்டரை மாசமா இருந்தாங்க. ஏப்ரல் கடைசியில தாயையும் பிள்ளையையும் ஊருக்குக் கூட்டிக்கிட்டு வரணும். கூடவே தொட்டில், துணி, பாத்திரம், பாதி வீடு. "நம்ம வண்டியை எடுத்துக்கிட்டு வந்துருங்க, எல்லாரும் ஒண்ணா வந்துரலாம்"னு வீட்டுக்காரம்மா போன்ல சொல்லிட்டாங்க. மூணு மாசக் குழந்தை, நானூத்தம்பது கிலோமீட்டர், அடியில கொதிக்கிற இன்ஜின். எனக்குத் தூக்கம் போச்சு.

பட்டறைத் தம்பி நல்லவர்தான், கை சுத்தம். என்ன, ஒரே ஆளு, நாலு வண்டியைப் பிரிச்சுப் போட்டிருப்பார். "விட்டுட்டுப் போங்ணா, நாளைக்கு சாயங்காலம் எடுத்துக்கலாம்" என்றார். மூணாம் நாள் எடுத்தேன். ரேடியேட்டரைக் கழட்டி சுத்தம் பண்ணியிருந்தார். மேடு ஏறினேன், முள்ளும் ஏறியது. அடுத்து ரேடியேட்டர் மூடி மாத்தினார். அப்புறம் ஃபேன் சுவிட்சு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு காசு, ரெண்டு மூணு நாள் காத்திருப்பு, காய் ஏத்த வாடகை ஆட்டோ.

நாலாவது தடவை, "தெர்மோஸ்டாட்டைத் தூக்கிப் போட்ரலாங்ணா, நம்மூர் வெயிலுக்கு அது எதுக்கு?" என்றார். இதை நிறைய பட்டறையில சொல்வாங்க. நான் ஒத்துக்கலை. தெர்மோஸ்டாட் ஒரு மடை மாதிரி. இன்ஜின் சரியான சூட்டுக்கு வர்ற வரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்கு விடாது, வந்ததும் திறந்து விடும். அதைக் கழட்டிட்டா இன்ஜின் பச்சத்தண்ணியிலயே ஓடும், பெட்ரோல் கூடக் குடிக்கும், தேய்மானமும் அதிகம். கெட்டுப்போச்சுன்னா புதுசு போடு, சந்தேகமா இருந்தா வெந்நீர்ல போட்டுத் திறக்குதான்னு பாரு. அடுப்படியில பார்த்துரலாம், லேப் வேண்டியதில்லை. பட்டறையிலேயே ஸ்டவ் வச்சுப் பார்த்தோம், ஒழுங்காத் திறந்தது. அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

எனக்கு எரிச்சலான விஷயமே இதுதான். போர்ல சப் மோட்டார் தண்ணி எடுக்கலைன்னா யாராவது உடனே அறுநூறு அடி குழாயை உருவுவாங்களா? மொதல்ல கரண்ட் மூணு பேஸும் வருதான்னு பார்ப்போம், ஆம்ஸ் எவ்வளவு இழுக்குதுன்னு பார்ப்போம், கேபிளைச் சோதிப்போம். கடைசியாத்தான் குழாய்க்குக் கை வைப்போம், ஏன்னா உருவுற கூலி நம்ம தலையில. கார்ல அப்படி இல்லை. பாகத்தை மாத்தி மாத்திப் பார்க்கிறதே வைத்தியமா ஆகிப்போச்சு. டவுன்ல இருக்கிற பெரிய சர்வீஸ் கடை ஒண்ணுக்கும் போய்க் கேட்டேன். ஏ.சி. ரூம்ல உட்கார வச்சு காபி கொடுத்தாங்க. வண்டியோட வயசைக் கேட்டுட்டு, ஸ்பேர் ஆர்டர் போட்டு வரவழைக்கணும், பத்து நாள் ஆகும்னாங்க. இன்னதுதான் கோளாறுன்னு சொல்லாமலே எந்த ஸ்பேருக்கு ஆர்டர் போடுவாங்கன்னு தெரியலை. காபி நல்லா இருந்தது.

கடைசியில ஒரு நாள் சாயங்காலம் களத்துல வண்டியை நிறுத்தி, அரை மணி நேரம் ஓட விட்டு, சீட்டைத் தூக்கி வச்சுக்கிட்டு டார்ச் லைட்டோட உட்கார்ந்தேன். வாட்டர் பாடிக்கு அடியில பச்சைக் கறை. பட்டறையில வாட்டர் பாடின்னு சொல்றது தண்ணி பம்ப்பைத்தான். அதோட உடம்புல சின்னதா ஒரு ஓட்டை இருக்கும். உள்ள சீல் தேய்ஞ்சா கூலன்ட் அது வழியாக் கசிஞ்சு நமக்குக் காட்டிக் கொடுக்கும், அதுக்குத்தான் அந்த ஓட்டையே. சூட்டுல கசியிறது அங்கேயே காய்ஞ்சிடுறதால தரையில சொட்டு விழலை. இப்படி மெதுவாக் குறைஞ்ச தண்ணியோடதான் மேடு ஏறிக்கிட்டிருந்திருக்கு. டார்ச் அடிச்சு போட்டோ எடுத்து தம்பிக்கு அனுப்பினேன். "ஆமாங்ணா, பாடிதான்" என்றார். பாகம் 1,150, கூலி 500, புது கூலன்ட் தனி. ஃபேன் பெல்ட்டும் வெடிப்பு விட்டிருந்ததால அதையும் மாத்தி, பழசை சீட்டுக்கடியில பத்திரமா வச்சுக்கிட்டேன். வழியில அறுந்தா பக்கத்து ஊர் வரைக்குமாவது போகலாம்.

பட்டறையிலிருந்து எடுத்த வண்டியை நேரா நெடுந்தூரத்துக்கு எடுக்கக் கூடாது. இதுல நான் பிடிவாதம். ரிப்பேர் பார்த்த கையோட புதுசா ஒரு கோளாறு சேர்ந்து வரும்: ஒரு நட்டு முழுசா முறுக்கியிருக்காது, ஒரு ஹோஸ் கிளிப் சரியா உட்கார்ந்திருக்காது. அதைக் கண்டுபிடிக்கிற இடம் நம்ம ஊரா இருக்கணும், உளுந்தூர்பேட்டையா இருக்கக் கூடாது. ஒரு வாரம் மார்க்கெட்டுக்கே ஓட்டினேன். தினமும் காலையில, இன்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து தண்ணி மட்டம் பார்த்தேன். நாலாவது நாள்ல இருந்து குறையலை.

தனியாப் போறவனுக்குத் தயாரிப்பு வேற. ரெண்டு பேர் போனா ஒருத்தர் வண்டியைத் தள்ளலாம், வழி கேட்கலாம், தூங்காம பேச்சுக் கொடுக்கலாம். ஒத்தை ஆளுக்கு எல்லாம் அவனே. ஸ்டெப்னியில காத்து இருக்கான்னு பார்த்தேன். நிறைய பேர் மறக்கிறது இதைத்தான். டயரோட பக்கவாட்டுல நாலு எண் இருக்கும், முதல் ரெண்டு வாரம், பின் ரெண்டு வருஷம். 1219-னு போட்டிருந்தா 2019-ஆம் வருஷம் பன்னிரண்டாவது வாரம் செஞ்சது. கட்டை நல்லா இருந்தாலும் வயசான டயர் வெயில்ல ஓடும்போது வெடிக்கும். என்னோடதுல ஒண்ணு அப்படி இருந்துச்சு, மாத்திட்டேன். பத்து லிட்டர் கேன்ல தண்ணி, ஃபியூஸ் நாலு, ஸ்க்ரூ டிரைவர், ஸ்பேனர் செட், கட்டுக்கம்பி. கட்டுக்கம்பி இல்லாம விவசாயி எங்கயும் போகமாட்டான். ஃபாஸ்டேக்ல காசு போட்டேன். தேசிய நெடுஞ்சாலையில வண்டி நின்னா கூப்பிட வேண்டிய 1033 நம்பரை ஒரு அட்டையில எழுதி டேஷ்போர்டுல ஒட்டினேன். போன்ல இருந்தாப் போதாதான்னு கேட்பீங்க. சார்ஜ் போற நேரம் பார்த்துத்தான் வண்டியும் நிக்கும்.

விடிகாலை மூன்றரைக்குக் கிளம்பினேன். வெயில் ஏறுறதுக்குள்ள பாதித் தூரம் தாண்டணும்ங்கிறது கணக்கு. திண்டுக்கல் தாண்டி அய்யலூர் பக்கம் காட்டுக்குள்ள ரோடு ஏறும். அங்கதான் முதல் பரீட்சை. முள்ளு பாதியிலயே நின்னுச்சு. எதிர்ல வர்றவங்க ஹை பீமைக் குறைக்கிறதே இல்லை, கண்ணு அவிஞ்சு போகுது. வெள்ளைக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டு அறுபதுலயே போனேன். திருச்சியில காவிரிப் பாலம் ஏறும்போது விடிஞ்சது. வெறும் மணல். கொள்ளிடமும் அப்படித்தான். தண்ணிக்கு அலையிறவன் அந்தப் பாலத்துல முள்ளைப் பார்க்க மறந்துருவான்.

சமயபுரத்துல ஒரு டோல்கேட். திருமாந்துறை, செங்குறிச்சி, விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர்னு வரிசையா நிப்பாட்டி வாங்குவாங்க. பெரம்பலூர்ல நாலு இட்லி. பயணத்துல தயிர் சோறு தொடமாட்டேன், தூக்கம் வரும். நூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிழல் பார்த்து நிறுத்தி, இறங்கி நடந்து, நாலு சக்கரத்தையும் தொட்டுப் பார்ப்பேன். ஒண்ணு மட்டும் சூடா இருந்தா பிரேக் பிடிச்சுக்கிட்டிருக்குன்னு அர்த்தம். உளுந்தூர்பேட்டைக்கு மேல ரோட்டுல லாரிங்க கூடிரும். விழுப்புரம் தாண்டினதும் வெயில் கண்ணாடி வழியா நேரா மடியில. வெளியில அனல், அடியில அனல். தொடை வெந்துருச்சு. ஆனா முள்ளு அசையலை.

பன்னிரண்டே முக்காலுக்குத் தாம்பரம். வண்டியை நிறுத்தினதும் நான் இன்ஜினைப் பத்தி யோசிக்கலை, சீட்டைத் தொட்டுப் பார்த்தேன். நடு சீட்டுலகூட கை வச்சா சூடு. அப்பவே மனசுல முடிவாகிருச்சு.

"பிள்ளையும் நீங்க ரெண்டு பேரும் வைகையில வாங்க. சாமானை நான் வண்டியில கொண்டு வர்றேன்" என்றேன்.

வீட்டுக்காரம்மாவுக்குக் கோபம். "ஏனுங்க, இத்தனை காசு போட்டு ரிப்பேர் பண்ணினது எதுக்கு?"

"தொட்டிலைக் கொண்டு போறதுக்குத்தான்."

பொண்ணு ஒண்ணும் பேசலை. ஆனா அவ முகத்துல ஒரு நிம்மதி தெரிஞ்சது. பாவம், அப்பன் மனசு நோகும்னு இத்தனை நாள் சொல்லாம இருந்திருக்கா. மாப்பிள்ளை உடனே போனை எடுத்து டிக்கெட் பார்க்க ஆரம்பிச்சார். ரெண்டு நாள் கழிச்சுக் கிடைச்சது.

அன்னிக்கு விடிகாலை நாலு மணிக்கு நான் மட்டும் கிளம்பினேன். பின்னாடி தொட்டில், மூணு மூட்டை, கிரைண்டர், ஒரு பிளாஸ்டிக் குதிரை. மதியம் வீடு வந்து சாமானை இறக்கி, சீட்டு எல்லாம் ஈரத் துணியால துடைச்சு, வண்டியை வேப்பமரத்தடியில விட்டு ஆற வச்சேன். வெயில் தாழ்ந்ததும் திண்டுக்கல் ஸ்டேஷனுக்குப் போய் நின்னேன். இருட்டின பிறகுதான் வைகை வந்தது. அங்கிருந்து வீடு முப்பத்தஞ்சு கிலோமீட்டருக்குள்ளதான், ஜன்னல் வழியா நல்ல காத்து. பையன் வண்டி கிளம்பின கொஞ்ச நேரத்துல தூங்கிட்டான். "சத்தத்துக்கு எழுந்திருப்பான்னு நினைச்சேன்ப்பா" என்றாள் பொண்ணு. பழைய மூணு சிலிண்டர், அந்த ஆட்டத்துக்குத் தூங்காம என்ன செய்யும்.