வழிகேட்போர்க்கு ஒரு வார்த்தை

சங்கப் புலவர்கள் ஆற்றுப்படை என்றொரு நூல்வகையைத் தமிழுக்குத் தந்து சென்றனர். வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் ஒருவன், எதிரே வறுமையோடு வரும் மற்றொருவனை அவ்வள்ளலிடம் வழிப்படுத்துவதே அதன் பொருள். பெரும்பாணாற்றுப்படையில், வழியில் எந்த நிலத்தார் எவ்வுணவு தருவர் என்பதும் விரிவாகக் கூறப்படுகிறது. பொருநராற்றுப்படையின் தலைவன் சோழன் கரிகாலன். சோழர் தலைநகராயிருந்த உறையூர் இன்று திருச்சிராப்பள்ளி மாநகரின் ஒரு பகுதியாகும். எனவே, விடுமுறைக்கு இந்நகர் வரும் குடும்பங்கள், 'எங்கே தங்கலாம்? எதைப் பருகலாம்? எந்த நூலை உடன்கொண்டு செல்லலாம்?' என்று நம்மைக் கேட்கும்போது, விடை கூறும் முறையை அம்முன்னோரிடமே கற்கலாம். தான் பெற்றதைச் சொன்னார்கள். பிறர் பெறவேண்டும் என்பதற்காகச் சொன்னார்கள்.

நூலிலிருந்து தொடங்குவோம். ஸ்ரீரங்கத்தில் பாட்டியார் வீட்டில் வளர்ந்து, திருச்சி புனித வளனார் கல்லூரியில் பயின்றவர் எழுத்தாளர் சுஜாதா (1935–2008). அவருடைய 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' என்னும் சிறுகதைத் தொகுதியை, நகைச்சுவை விரும்புவோர் இரயிலிலேயே படித்து முடிக்கலாம். ஆயினும் அது அவருடைய இளமைக்கால ஊர். 1987ஆம் ஆண்டு 236 அடி உயர இராஜகோபுரம் நிறைவு பெறுமுன் இருந்த ஊர். அதை இன்றைய வழிகாட்டியாகக் கொள்ளலாகாது.

சிறுவர்க்கு நாம் பரிந்துரைப்பது வீரமாமுனிவரின் 'பரமார்த்த குரு கதை'. ஆற்றைக் கடந்த சீடர்கள் தங்களை எண்ணிப் பார்க்கின்றனர். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஓர் ஆள் குறைகிறது. ஆறு விழுங்கிவிட்டதென்று அழுகின்றனர். வழிப்போக்கன் ஒருவன் பணம் பெற்றுக்கொண்டு கணக்கைச் சரி செய்கிறான். சிரித்து முடித்தபின் சிந்திக்கவும் இடமுண்டு. கருத்துச் சொல்லும் நம்மில் பலரும் அந்தச் சீடரைப் போலத் தம்மை விட்டுவிட்டே எண்ணுகிறோம்.

சான்றாகக் காப்பியைக் கொள்வோம். இரவெல்லாம் பயணம் செய்து, பல் துலக்கிய கையோடு அருந்தும் முதற் காப்பி அமுதமாயிருக்கிறது. அதே கடையில் நண்பகல் வெயிலில் அருந்தினால் கசக்கிறது. கடைக்காரர் மாறவில்லை, நம் நாக்கே மாறியது. டிகாக்ஷன் புதிதா, பழையதா, சிக்கரி மிகுதியா என்பவை கடையைச் சார்ந்தவை. களைப்பும் பசியும் நம்மைச் சார்ந்தவை. இரண்டையும் பிரித்தறிந்து பேசுவதே நேர்மை. பதநீருக்கும் இஃது பொருந்தும். கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருப்பதால்தான் அது புளித்துக் கள்ளாகாமல் நிற்கிறது. எனினும் காலையில் இறக்கியதைக் காலையிலேயே பருகவேண்டும். மாலையில் வாங்கிக் குடித்து, விற்றவரைத் தூற்றுவது முறையன்று. கோடையில் நம் விருப்பத்தைக் கேட்டால், எலுமிச்சை பிழிந்த நன்னாரி சர்பத் என்போம். ஆனால் அதில் கலக்கும் நீரும் பனிக்கட்டியும் எத்தகையவை என்று தயங்காமல் விசாரியுங்கள்.

தங்குமிடத்திலோ சிறு சொல்லும் பெருஞ்செலவாகும். ஒருமுறை நாம் தங்கிய விடுதியில், மாலை 6 மணிக்கு வந்த ஐவர் அடங்கிய குடும்பம் ஒன்று, மறுநாள் பகல் 12 மணிக்கே அறையைக் காலி செய்யவேண்டும் என்பதை அப்போதுதான் அறிந்தது. மலைக்கோட்டைக்குச் சென்று திரும்புவதற்குள் இரண்டாம் நாள் வாடகை ஏறிவிட்டது. கல்லணை பார்க்க வைத்திருந்த பணம் அதற்கே சென்றது. 'நல்ல விடுதி' என்று அவர்களை அனுப்பிய உறவினர் விதியைச் சொல்லவில்லை. ஆகவே, வாடகை 24 மணி நேரத்துக்கா, நண்பகல் வரைக்கா என்று முதலிலேயே கேளுங்கள். மார்கழியில், வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய நாள்களில், ஸ்ரீரங்கத்தில் அறை கிடைப்பது அரிது. நகரின் வேறு பகுதியில் தங்கிப் பேருந்தில் செல்வது எளிது. 'பேருந்து நிலையத்துக்கு அருகில்' என்று எவரேனும் சொன்னால், எந்த நிலையம் என்றும் கேளுங்கள். 2025ஆம் ஆண்டு பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டபின் பழைய வழிகாட்டல்கள் பல பொருந்தாமற் போயின.

அன்பர்களே, கருத்துக் கூறுவது எளிது. ஆனால் அதை நம்பி ஒரு தந்தை ஓராண்டுச் சேமிப்பைச் செலவிடுகிறார். ஒரு பழிச்சொல்லாலோ சிறு கடை நடத்தும் விதவைத் தாயின் அன்றாட வருவாய் குறைகிறது. பொய்ச்சான்று நீதிமன்றத்தில் மட்டும் சொல்லப்படுவதில்லை. காப்பிக் கடை வாயிலிலும் சொல்லப்படுகிறது. நாமே தங்கினோமா, எப்போது தங்கினோம், எவ்வளவு கொடுத்தோம், எது நிறைவளித்தது, எது குறை என்று ஐந்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிறர் வாய்க்கேட்டதாயின், கேட்டதென்றே சொல்லுங்கள். குறை கண்டால் முதலில் விடுதிக்காரரிடமே எடுத்துரையுங்கள். திருத்திக்கொள்ள அவருக்கும் ஒரு வாய்ப்பு வேண்டும்.