கூரையும் முற்றமும்

கொழும்பு மாநகருக்குச் செல்வோர் பெரும்பாலும் கடற்கரையையும் கடைவீதிகளையும் கண்டு மீள்வர். சென்ற விடுமுறையில் யாம் வேறொரு வழி மேற்கொண்டோம். ஜெப்ரி பாவா என்னும் கட்டடக்கலைஞர் ஆக்கியவற்றை மட்டுமே தேடி அந்நகரைச் சுற்றினோம். 1919இற் பிறந்த பாவா முதலில் வழக்கறிஞர். இலண்டனிற் கட்டடக்கலை பயின்று தேறியது 1957இலேதான். கற்கும் வயது கடந்ததென்று சோர்ந்திருக்கும் அன்பர்கள் இதனைக் குறித்துக்கொள்க.

பேரை வாவியில் நிற்கும் சீமா மாலகை, முன்னிருந்த மண்டபம் நீரில் அமிழ்ந்துபோக, 1970களின் பிற்பகுதியில் எழுந்தது. அப்பௌத்த தலத்துக்குப் பொருளுதவியவர், மறைந்த தம் மைந்தனை நினைந்த முஸ்லிம் அன்பர் ஒருவர். தியவன்னாக் கரையிலிருந்து 1982இல் திறக்கப்பட்ட நாடாளுமன்றத்தின் செப்புக் கூரைகளைத் தொலைவினின்றே கண்டோம். நெடுங்காலம் பாவாவின் தொழிற்பங்காளராயிருந்த பொறியியலாளர் கலாநிதி பூலோகசுந்தரம் நம்மவர் என்பதை நம் மாணவர் அறிதல் நன்று.

எம்மைத் தடுத்து நிறுத்தியது பகதலே வீதியை அடுத்த 33ஆம் ஒழுங்கையிலுள்ள அவரது சொந்த இல்லமே. 1958 முதல் நான்கு சிறு வீடுகளை ஒவ்வொன்றாய்ப் பெற்று ஒன்றாக்கியுள்ளார். இடையிடையே வானம் நோக்கித் திறந்த சிறு முற்றங்கள். ஒளியும் காற்றும் அவற்றின் வழியே அறைதோறும் புகுகின்றன. பாட்டிக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்கு 1960களின் தொடக்கத்தில் அவர் சமைத்த நடுமுற்ற வீட்டை இன்று கொழும்பிற் காணவியலாது. 2009இற் பிரிக்கத் தொடங்கி, பெந்தோட்டைக்கு அண்மையிலுள்ள அவரது லுனுகங்கத் தோட்டத்தில் மீள எழுப்பினர். ஒரு முற்றத்தைக் காக்க இத்துணைப் பாடு!

எம் முன்னோர் வீடும் நாற்சார் வீடே. மாரியிற் பீலிநீரைக் கிடாரத்தில் ஏந்தி வளர்ந்தோம். அது எம் தங்கையாருக்குச் சீதனமாய்ச் சென்றது. ஆதலின் எமக்கு அதில் உரிமையில்லை, வாய் மட்டும் உண்டு. முற்றத்தின்மேல் கொங்கிறீற்றுத் தட்டிட்டால் இரண்டு அறை கூடும் என்கின்றார் மைத்துனர். பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர், ஒழுகும் ஓட்டை மாற்ற ஆள் அகப்படுவதும் அரிது. அவர் கூற்றும் பொய்யன்று.

தைப்பொங்கல் கழிந்ததும் மேசன்மார் வருவர். அதற்குமுன், இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள் கட்டடக்கலை வல்லார் ஒருவர் வந்து, முற்றத்தை மூடாமலே அறை கூட்டும் வழியை மைத்துனருக்கு எடுத்துரைப்பாராயின், அன்றைய மதிய போசனம் எம் இல்லத்தில்.