இரண்டு நிமிடத்துக்கு ஒரு சங்கு

பெட்டி ஹார்பர் மீனவர்கள் மூடுபனியைக் குறைசொல்லிக் கேட்பது அரிது. ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் கேப்லின் என்ற சாணளவு மீன் முட்டையிடக் கூட்டம் கூட்டமாகக் கரையேறும். அதைத் தின்னக் காட் மீன் பின்னாலேயே வரும், திமிங்கிலமும் வரும். தூறலும் குளிரும் பனிமூட்டமும் அதே வாரங்களில்தான். 'கேப்லின் வானிலை' என்றே அதற்கு ஊரில் பெயர். மீன் வேண்டும், பனி வேண்டாம் என்று அங்கே பேரம் பேச முடியாது.

ஊர் இருப்பது கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில், தலைநகர் செயின்ட் ஜான்ஸிலிருந்து காரில் இருபது நிமிடத் தொலைவில். பாறைக் குன்றுகளுக்கு நடுவே ஒடுங்கிய துறைமுகம். தண்ணீருக்குள் மரக்கால் ஊன்றி நிற்கும் மீன் கொட்டகைகள். வடகிழக்கே, வட அமெரிக்கக் கண்டத்தின் கிழக்குக் கோடியான கேப் ஸ்பியர். அங்கே 1836இல் எழுந்த கலங்கரை விளக்கம் இன்னும் நிற்கிறது.

என்னை அங்கே அழைத்துப் போன நண்பர் நாகர்கோவிலுக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமத்துக்காரர். அப்பா கட்டுமரத்தில் தூண்டில் போட்டவர். மகன் என்ஜினீயராகி, ஹைபர்னியா எண்ணெய் மேடைக்குச் சரக்குக் கொண்டுபோகும் கப்பல்களில் வேலை பார்க்கிறார். அந்த மேடை செயின்ட் ஜான்ஸுக்குக் கிழக்கே 315 கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலில் நிற்கிறது. வேலை இல்லாத வாரங்களில் இவர் பொழுது பக்கத்து வீட்டு முதியவரின் படகில்தான். அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. பதினான்கு வயதில் தன் அப்பாவோடு கடலுக்குப் போனவர். ஊரில் மூத்த மீனவர் யாரையும் 'ஸ்கிப்பர்' என்றே கூப்பிடுகிறார்கள். நண்பரும் அப்படித்தான் கூப்பிடுகிறார். ஆனால் நம்மூரில் அண்ணாச்சியை அழைக்கும் குழைவு அதில் கேட்கிறது.

காலை ஐந்தரை மணிக்குப் படகுத்துறையில் நின்றபோது துறைமுக வாயே தெரியவில்லை. ஸ்கிப்பர் எதையும் பார்க்க முயலவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டுக் காதைக் கொடுத்துக் கொஞ்ச நேரம் நின்றார். கேப் ஸ்பியரின் மூடுபனிச் சங்கு ஊதியது. வாய்க்கு வெளியே அலை உடையும் ஓசை மெதுவாக இருந்தது. காற்று தென்மேற்கு, பலமில்லை. போகலாம் என்று தலையை ஆட்டினார்.

"இதுக்குப் பயந்தா இங்க ஒருத்தனும் சோறு திங்க முடியாது டே, ஏறு" என்றார் நண்பர்.

நம் மார்கழிப் பனி வேறு, இது வேறு. நம்மூரில் இரவில் தரை குளிர்வதால் பனி இறங்குகிறது. வெயில் ஏறினால் கலைந்துவிடும். இங்கே வடக்கிலிருந்து பனிக்கட்டிக் குளிரோடு லாப்ரடார் நீரோட்டம் இறங்கி வருகிறது. தெற்கே வெதுவெதுப்பான கல்ஃப் ஸ்ட்ரீம் ஓடுகிறது. அதன் மேலிருந்து ஈரத்தோடு கிளம்பும் காற்று குளிர்ந்த நீரின் மேல் வந்ததும் ஈரம் திவலையாகி மூடுபனி ஆகிறது. காற்றே கொண்டுவரும் பனி என்பதால், காற்றடித்தால் கலையும் என்று காத்திருப்பதில் பயனில்லை. தீவின் தென்பகுதியில் உள்ள ஆர்ஜென்ஷியாவில் ஆண்டில் ஏறத்தாழ 200 நாள் மூடுபனி. கிழக்கே விரிந்து கிடக்கும் கிராண்ட் பேங்க்ஸ் என்ற பெரும் மீன்திட்டு உலகிலேயே பனிமூட்டம் மிகுந்த இடங்களில் ஒன்று.

படகு ஃபைபர், வெளியே மாட்டும் எஞ்சின். அதில் ரேடார் இல்லை. கம்பத்தின் உச்சியில் எட்டுமூலைத் தகட்டு எதிரொளிப்பான் ஒன்று இருக்கிறது. பெரிய கப்பலின் ரேடாரில் இந்தச் சின்னப் படகும் ஒரு புள்ளியாக விழ அதுதான் வழி. கையடக்க ஜிபிஎஸ், திசைகாட்டி, 16ஆம் சானலில் திறந்தே இருக்கும் வயர்லெஸ், அழுத்தினால் ஊதும் காற்றுச் சங்கு. மூவரும் உடம்பு முழுதும் மூடும் மிதவை உடுப்புப் போட்டிருந்தோம். ஜூலையிலும் அந்தத் தண்ணீரில் விழுந்தவன் மூச்சைச் சீராக்க ஒரு நிமிடம், கை கால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடமே, நினைவு தப்ப ஒரு மணி நேரம் என்பது குளிர்நீர் மீட்புப் பயிற்சியில் சொல்லித்தரும் கணக்கு.

சங்கு ஊதுவதற்குச் சட்டம் உண்டு. 1972இன் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளின்படி, பனிமூட்டத்தில் ஓடும் எஞ்சின் கலம் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறையாவது ஒரு நீண்ட ஊதல் கொடுக்க வேண்டும். நீண்டது என்றால் நான்கு முதல் ஆறு வினாடி. எஞ்சினை நிறுத்தி மிதக்கும் கலம் இரண்டு நீண்ட ஊதல். வலை இழுத்துக்கொண்டு விலக முடியாத கலம் ஒரு நீண்டதும் இரண்டு குறுகியதும். பன்னிரண்டு மீட்டருக்குக் குறைந்த படகுக்கு இந்த ஊதல் கணக்குக் கட்டாயமில்லை, அதே இரண்டு நிமிடத்துக்குள் நன்றாகக் கேட்கும் வேறு ஏதாவது ஒரு சத்தம் கொடுத்தால் போதும். ஸ்கிப்பர் அந்தச் சலுகையைத் தொடவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து முறைப்படியே ஊதினார்.

துறைமுக வாயைத் தாண்டியதும் கரை போய்விட்டது. முன்னால் உட்கார்ந்திருந்த நண்பரின் முதுகு தெரிகிறது, அதற்கப்பால் பால்வெள்ளை. புருவத்தில் நீர் முத்து முத்தாகக் கோக்கிறது. கொஞ்ச தூரம் போனதும் ஸ்கிப்பர் எஞ்சினை அணைத்தார்.

எதற்கென்று நண்பர் சொன்னார். குமரிக் கடலில் கணியம் பார்ப்பார்கள்: கரையில் கோயில் கோபுரமும் ஒரு மலைமுடியும் நேர்கோட்டில் வர, இன்னொரு பக்கம் வேறு இரண்டு அடையாளங்கள் நேராக வந்தால், அந்தக் கோடுகள் வெட்டும் இடத்தில்தான் மீன் கிடக்கும் 'பார்' என்ற கடலடிப் பாறைத்திட்டு. பெட்டி ஹார்பரிலும் அதே வித்தை. கோபுரத்துக்குப் பதில் தேவாலயமும் பாறையும். ஆனால் பனியில் கணியம் குருடு. அப்போது கைகொடுப்பது கரையின் ஓசை. கூழாங்கல் கரையில் அலை பின்வாங்கும்போது கற்கள் உருளும். செங்குத்துப் பாறையில் 'தொம்' என்று மோதும். குகை இருந்தால் உள்ளே போய் முனகும். எந்த ஓசை எந்தக் குடாவுக்கு உரியது என்று பழைய மீனவர்கள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். ஆழம் பார்க்க ஈயக்குண்டு. அதன் அடிக்குழியில் கொழுப்பு அப்பி இறக்கினால் மணலோ சிப்பித்தூளோ ஒட்டிக்கொண்டு வரும். நிற்கும் இடம் எது என்று அதைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

ஸ்கிப்பர் காது கொடுத்து, இடது கையை நீட்டி, ஒரு குடாவின் பெயரைச் சொன்னார். நண்பர் ஜிபிஎஸ்ஸைப் பார்த்தார். சரியாக இருந்தது. கிழவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இந்த வித்தைக்கும் எல்லை உண்டு. பனிக்குள் சத்தம் திசை மாறி விழும். பக்கத்தில் ஊதுவது தூரத்தில் ஊதுவது போலிருக்கும். அன்றைக்கு ஒரு பெரிய படகின் எஞ்சின் கேட்டது. எந்தப் பக்கம் என்று மூன்று பேரும் மூன்று திசை காட்டினோம். ஸ்கிப்பர் வயர்லெஸ்ஸில் இருக்கும் இடத்தைச் சொல்லி, இரண்டு நீண்ட ஊதல் கொடுத்தார். அந்தப் பக்கத்திலிருந்து பதில் ஊதல், பிறகு ரேடாரில் பார்த்துவிட்டதாக ஒரு குரல். படகைக் கண்ணால் பார்க்கவே இல்லை. அது கடந்துபோன அலை மட்டும் எங்களைத் தூக்கி இறக்கியது. கோடைத் தொடக்கத்தில் மிதந்து வரும் பனிக்கட்டித் துண்டுகள் இன்னும் மோசம் என்கிறார்கள். அவை சங்கும் ஊதாது, ரேடாரிலும் சரியாக விழாது.

இருபத்தைந்து பாகம் ஆழத்தில் தூண்டில் இறங்கியது. மீன் உருவில் வார்த்த ஈயம், வாலில் இரண்டு பெரிய கொக்கி, இரை கிடையாது. அடியில் தட்டியதும் ஒரு பாகம் மேலே தூக்கி, வெடுக்கென்று இழுப்பதும் விடுவதுமாக இருக்க வேண்டும். நண்பர் கையில் நரம்பைச் சுற்றாமல் விரல்மேல் மட்டும் ஓடவிட்டார். அது அப்பா சொல்லிக் கொடுத்தது. முதல் காட் மேலே வந்தபோது வயிறு உப்பி, வாய் பிளந்து, தொண்டையில் பாதி செரித்த கேப்லின் தெரிந்தது. தாடையின் கீழ் ஒற்றை மீசை, பக்கவாட்டில் வெள்ளைக் கோடு, ஆலிவ் நிற முதுகில் புள்ளிகள். ஸ்கிப்பர் அந்த நிமிடமே செவுளுக்குக் கீழே அறுத்து இரத்தம் வடியவிட்டார். வடியாத மீனின் சதை கறுத்துப்போகும்.

இது விற்பதற்கான மீன் அல்ல. வீட்டுச் சமையலுக்கென்று அரசு விட்டிருக்கும் மீன்பிடிப்பு. கோடையில் சனி, ஞாயிறு, திங்கள், பிறகு செப்டம்பர் கடைசியில் சில நாள். உரிமம் தேவையில்லை. ஆளுக்கு நாளொன்றுக்கு 5 மீன், மூன்று பேரோ அதற்கு மேலோ போனால் படகுக்கு 15. சின்னதைத் திரும்பப் போட்டுவிட்டுப் பெரியதுக்குக் காத்திருக்கவும் கூடாது, வந்தது வந்ததுதான். நண்பருக்கு வந்த நான்காவது மீன் முழங்கை நீளத்துக்கும் குறைவு. அவர் அதைப் பார்த்த பார்வையைக் கவனித்த ஸ்கிப்பர் பெட்டியைக் காட்டினார். நண்பர் பேசாமல் உள்ளே போட்டார்.

பதினைந்து ஆவதற்கு முன் படகுக்கு மிக அருகில் புஸ்ஸென்று ஒரு மூச்சு. கூனல் திமிங்கிலம். அதையும் பார்க்கவில்லை, அழுகிய மீன் நாற்றம் மட்டும் பனியோடு வந்து முகத்தில் அப்பியது.

மூடுபனி, நியூஃபவுண்ட்லாந்து, தமிழர் என்றால் அங்கே வயதானவர்கள் சொல்வது ஒரே ஒரு கதை. 1986 ஆகஸ்ட் 11. தீவின் தெற்கே செயின்ட் மேரிஸ் விரிகுடாவுக்கு வெளியே, அட்லாண்டிக் ரீப்பர் என்ற மீன்படகில் போன கஸ் டால்ட்டன், பனிக்குள் உயிர்காப்புப் படகு ஒன்றைக் கண்டார். இரண்டு படகுகளில் 155 ஈழத் தமிழர்கள். மேற்கு ஜெர்மனியிலிருந்து ஏற்றி வந்த கப்பல் அவர்களைக் கடலில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. மூன்று நாள் மிதந்திருக்கிறார்கள். டால்ட்டன் முடிந்தவரை ஏற்றிக்கொண்டு, மற்ற மீன்படகுகளையும் கடலோரக் காவலையும் கூப்பிட்டார். முப்பதாம் ஆண்டான 2016இல் பிழைத்தவர்களில் சிலர் திரும்பி வந்து அவரைக் கௌரவித்தார்கள். நண்பர் முதன்முதலாக அந்த ஊரில் வீடு பார்க்கப் போனபோது, "நீங்கள் அந்தப் படகில் வந்தவரா?" என்றுதான் ஸ்கிப்பர் கேட்டாராம். 1986இல் நண்பர் பிறக்கவேயில்லை.

கரைக்குத் திரும்பியதும் மீன் கொட்டகை. பலகை மேசையில் முன்பெல்லாம் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஆள்: ஒருவர் தொண்டையும் வயிறும் கீறுவார், அடுத்தவர் ஈரலை எடுத்து, மேசை விளிம்பில் வைத்து அழுத்தித் தலையை முறிப்பார், மூன்றாமவர் முனை வளைந்த கத்தியால் நடு எலும்பை ஒரே இழுப்பில் எடுப்பார், கடைசி ஆள் உப்பு. நாக்கை அறுத்து விற்கும் காசு ஊர்ப் பிள்ளைகளுக்கு. அன்றைக்கு எல்லா வேலையும் ஸ்கிப்பர் ஒருவரே. எலும்பெடுக்கும் இழுப்பில் கத்தி முள்மேல் உரசும் ஓசை ஒரு மீனுக்கும் மறு மீனுக்கும் மாறவில்லை. நண்பர் தலைகளைக் குழம்புக்கென்று எடுத்து வைத்தார்.

அந்தக் கொட்டகையில் இப்போது ஆள் இல்லாததற்குக் காரணம் இந்த ஊர் அல்ல. பெட்டி ஹார்பர்க்காரர்கள் 1960களிலேயே தங்கள் மீன்பிடிப் பரப்பில் கைத்தூண்டிலும் பெட்டிவலையும் தவிர வேறு எதுவும் கூடாது என்று முடிவு செய்து, அதைச் சட்டமாக்கவும் வைத்தார்கள். செவுள்வலை வேண்டாம், நெடுந்தூண்டில் வேண்டாம். இவ்வூர் மீனவர் பெர்னார்ட் மார்ட்டின் 1999இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது பெற்றார். ஆனால் காட் வேலி போட்டு வளரும் மீன் அல்ல. குளிர்காலத்தில் ஆழ்கடல் திட்டுகளில் கூடும். அங்கே பல நாட்டு இழுவைக் கப்பல்கள் வாரின; 1968இல் மட்டும் மொத்தப் பிடிப்பு 8,10,000 டன். 1977இல் கனடா 200 மைல் எல்லையை அறிவித்து அந்நியக் கப்பல்களை விலக்கியது; அந்த இடத்தில் சொந்த நாட்டு இழுவைக் கப்பல்கள் இறங்கின. மீன் சிறுத்துவிட்டது, குறைந்துவிட்டது என்று கரையோர மீனவர்கள் 1980களில் சொன்னது எடுபடவில்லை. 1992 ஜூலை 2 அன்று மீன்வளத் துறை அமைச்சர் ஜான் கிராஸ்பி வடகடல் காட் பிடிப்பை நிறுத்தினார். ஏறத்தாழ 30,000 பேருக்கு வேலை போனது. தூண்டில்காரனும் இழுவைக் கப்பல்காரனும் ஒரே நாளில் கரைக்கு வந்தார்கள்.

இரண்டு ஆண்டு என்று சொன்ன தடை முப்பத்திரண்டு ஆண்டு நீண்டது. இடையில் கரையோரத்தாருக்குச் சிறிய அளவில் அனுமதி இருந்தது. 2024 ஜூன் 26 அன்று கனடா அரசு தடையை நீக்கி 18,000 டன் பிடிக்கலாம் என்று அறிவித்தது. மீன் மீண்டு வந்தால் முதல் 1,15,000 டன் கரையோர மீனவருக்கே என்று முன்பு வாக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த 18,000 டன்னிலேயே ஆழ்கடல் இழுவைக் கப்பல்களுக்கும் ஒரு பங்கு வைத்துவிட்டார்கள். பங்கு சிறியதுதான். ஆனாலும் ஐந்து மீனுக்கு மேல் ஆறாவது எடுத்தால் வழக்குப் போடும் அரசு, தன் வாக்கை முதல் ஆண்டிலேயே மீறியது சரியல்ல. அந்தப் பங்கைத் திரும்ப வாங்க வேண்டும்.