கொம்பிறசரும் ஆறு வோல்ட் கையும்

கராச்சில இருந்த பழைய கொம்பிறசர் போன மாதம் எரிஞ்சு போச்சு. பிழை என்னிலதான். நீளமான எக்ஸ்டென்சன் வயரைப் போட்டு, மிச்சத்தை உருளையில சுத்தினபடியே விட்டிட்டன். மெல்லிய நீள வயரில வோல்ட் குறையும். மோட்டர் சுத்தத் தொடங்கேக்கை வழமையை விட ஐஞ்சாறு மடங்கு கரண்ட் இழுக்கும். வோல்ட் காணாட்டி முனகிக்கொண்டு நிண்டே சூடாகும். தேத்தண்ணி போட்டுக்கொண்டு நிக்கேக்கை மணம் வந்துது.

பதிலுக்கு வாங்கினது மூண்டு குதிரைவலு. அதின்ர பிளக் சுவர்ச் சொக்கற்றுக்குள்ள போகுதில்லை. நியூசிலாந்தில வீட்டுச் சொக்கற் வழமையா 10 அம்பியர். இது 15 அம்பியர் பிளக்; எர்த் பின் மட்டும் கொஞ்சம் அகலம்.

"அத்தான், அரத்தால உராஞ்சு விடுங்கோ, ரெண்டு நிமிச வேலை" எண்டார் மச்சான். நானும் அரத்தை எடுத்திட்டன்.

எடுக்காமல் என்ன செய்வன்? 1990இல சண்டை தொடங்கினதோட யாழ்ப்பாணத்துக்கு லக்சபானா கரண்ட் நிண்டு போச்சு. எனக்கு அப்ப பத்து வயசுகூட இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைச் சுத்தி, டைனமோவில ரேடியோ கேட்ட ஆக்கள் நாங்கள். ஆறு வோல்ட். வெறும் வயரைப் பல்லால கடிச்சு முறுக்கினாலும் ஒண்டும் செய்யாது. பிறகு கரண்ட் வந்த காலத்தில பிளக் இல்லாட்டி வயரைச் சொக்கற்றுக்குள்ள விட்டு நெருப்புக்குச்சியால இறுக்கிறது. பல்கலைக்கழகத்தில ரெண்டு வருசம் பௌதிகம் படிச்சும் கை அந்தப் பழக்கத்திலதான் நிக்குது.

பின்னில அரத்தை வைச்சாப் பிறகுதான் மண்டையில உறைச்சுது. எர்த்துக்கான பின்னையே தேய்க்கப் போறன். 10 அம்பியர் எண்டால் 2300 வாட். இந்த மோட்டர் அதுக்கு மேல இழுக்கும். உராஞ்ச பிளக் உள்ளுக்குப் போகும், சொக்கற் கருகும்.

லைசென்ஸ் உள்ள தமிழ் அண்ணை ஒருத்தரைக் கூப்பிட்டன். "தம்பி, அந்தப் பின்னை ஏன் அகலமாச் செய்தவங்கள் எண்டு யோசிச்சனீரோ?" எண்டு மட்டும் கேட்டார். 1992 மின்சாரச் சட்டப்படி, சொந்த வீட்டில குடியிருக்கிறவர் சில வயரிங் வேலையைத் தானே செய்யலாமாம். புது லைன் இழுத்தால் இன்ஸ்பெக்டர் சோதிச்சு சான்றிதழ் தந்தாப் பிறகுதான் கரண்ட் குடுக்கலாம். நான் வாடகை வீட்டுக்காரன், எனக்கு அந்தச் சலுகையும் இல்லை. வீட்டுக்காரரிட்ட அனுமதி வாங்கினன்.

அண்ணை கொம்பிறசருக்கெண்டு தனி லைன் இழுத்து, 15 அம்பியர் சொக்கற்றும் 30 மில்லி அம்பியரில விழுகிற ட்ரிப் சுவிச்சும் போட்டார். ட்ரிப் சுவிச் ஆளைக் காக்கிறது, பிரேக்கர் வயரைக் காக்கிறது, ரெண்டும் வேற வேற எண்டு விளங்கப்படுத்தினார். இவ்வளவு நாளும் நான் ரெண்டையும் ஒண்டெண்டுதான் நினைச்சிருந்தன். சான்றிதழும் எழுதித் தந்தார். காசு கொஞ்சம் கூடத்தான்.

அவர் வேலை செய்யேக்கை நான் சும்மா இருக்கேல்லை. எரிஞ்ச மோட்டரில ஏதும் உதவுமோ எண்டு மூடியைக் கழட்டி, கப்பாசிற்றரில கை வைக்கப் போனன்.

"தொடாதையும்! பிளக்கைக் கழட்டினாலும் அதுக்குள்ள கரண்ட் நிக்கும்!"

பௌதிகப் பாடத்தில நான் கணக்குச் செய்த சாமான் அது. கையை எடுத்தன்.

மச்சான் இப்பவும் சொல்லுறார், அரத்தால ரெண்டு நிமிச வேலை எண்டு.