டிவி கார்டு வாங்கும் முன்னாடி கூரையைப் பாருங்க



சென்னையில இருக்கிற நண்பர் ஒருத்தர்கிட்ட, "வீட்டுக் கம்ப்யூட்டர்ல டிவி கார்டு போட்டிருக்கேன்"னு சொன்னேன். சிரிச்சுட்டார். "ஏங்க, கவர்மெண்டே வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்திருக்கே, கம்ப்யூட்டர்ல எதுக்கு இன்னொரு டிவி?"ன்னு கேட்டார். நியாயமான கேள்விதான். அந்த 14 இஞ்ச் டிவி எங்க வீட்டுலயும் நல்லாத்தான் ஓடுது. பிரச்சினை டிவியில இல்லை, நேரத்துல.

நகரத்துல இருக்கிறவங்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லணும். கிணத்து மோட்டார் ஓட மும்முனை மின்சாரம் வேணும். அப்போ அது நாள் பூரா கிடைக்காது, முறை வச்சுத்தான் விடுவாங்க. மத்த நேரம் ஒருமுனை. வீட்டுல லைட் எரியும், டிவி ஓடும், மோட்டார் ஓடாது. எங்க பக்கம் முறை சாயங்காலம் விழுகிற நாள்ல, மாடு கறந்து சொசைட்டிக்குப் பால் ஊத்திட்டு நேரா தோட்டத்துக்கு ஓடணும். மும்முனை போறதுக்குள்ள எத்தனை பாத்தி பாயுதோ அத்தனைதான் லாபம்.

அப்போ பொதிகையில 'வயலும் வாழ்வும்' வந்ததும் சாயங்காலந்தான். விவசாயிக்காகவே எடுக்கிற நிகழ்ச்சி, விவசாயி மம்பட்டியோட மடை திருப்பிக்கிட்டு இருக்கும்போது ஓடி முடிஞ்சுடும். வீட்டுக்கு வந்தா, "இன்னிக்கு என்னமோ பூச்சியைப் பத்திச் சொன்னாங்க"ன்னு வீட்டுக்காரம்மா சொல்லும். என்ன பூச்சி, என்ன மருந்து, எத்தனை மில்லி? அது அடுப்படியில இருந்துக்கிட்டே பாதி காதுல கேட்டது, அதுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?

நல்லா விளைஞ்ச வருசம்னா இதெல்லாம் பெருசாத் தெரியாது. ஆனா பப்பாளி மாவுப்பூச்சி வந்த பிறகு ஒரு தகவலைத் தவறவிட்டா அது காசாத்தான் போகுதுங்க. 2008-ல கோயம்புத்தூர் பக்கம் தலைகாட்டுன பூச்சி அது. வெளிநாட்டுல இருந்து வந்தது, இங்கே அதுக்கு எதிரி கிடையாது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரின்னு ஒண்ணையும் விடலை. செடி மேல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையா அப்பிக்கும். மேல இருக்கிற மாவு மெழுகு மாதிரி, மருந்து உள்ளே இறங்காது. அடிச்சுப் பத்து நாள்ல மறுபடி வந்துரும். மருந்துக்கடைப் பாக்கி ஏறுனதுதான் மிச்சம்.

அதனாலதான் நிகழ்ச்சி ஓடுற நேரத்துல பதிவு பண்ணி வச்சு, ராத்திரி சாப்பிட்டுட்டு உட்கார்ந்து பார்க்க ஒரு வழி வேணும்னு நினைச்சேன். மகள் படிக்கும்போது வாங்குன கம்ப்யூட்டர் வீட்டுல இருக்கு. பழைய பென்டியம் 4, ஹார்டு டிஸ்க் 80 ஜிபி. மகள் இப்போ கோயம்புத்தூர்ல வேலை பார்க்குது. நான் எழுதறது எல்லாம் அந்தக் கம்ப்யூட்டர்லதான்.

டிவி கார்டுன்னு கடையில கேட்டா எடுத்துக் காட்டுறது பல வகை. விலை ஒண்ணுக்கொண்ணு கிட்டத்தான் இருக்கும், ஆனா வேலை வேற வேற. எதை வாங்கறதுன்னு அட்டைப்பெட்டியைப் பார்த்து முடிவு பண்ண முடியாது. நம்ம கூரைக்கு என்ன சிக்னல் வருதுன்னு முதல்ல பார்க்கணும். நான் அலசிப் பார்த்ததைச் சொல்றேன்.

முதல்ல, கம்ப்யூட்டரே இல்லாம மானிட்டர்ல நேரா டிவி காட்டுற சின்னப் பெட்டி. மானிட்டருக்கும் ஒயருக்கும் நடுவுல வைக்கிறது. படம் பார்க்கலாம், பதிவு பண்ண முடியாது. எனக்கு ஆகாது.

ரெண்டாவது, அனலாக் கார்டு. அப்போ கேபிள் ஒயரைச் சொருக முடிஞ்சுது, கொடைக்கானல் மலை டவர்ல இருந்து வந்த தூர்தர்ஷனை ஆன்டெனா வச்சுப் பிடிக்க முடிஞ்சுது. எங்க தோட்டத்து வீட்டுக்குக் கேபிள் வரலை. ஆன்டெனா வச்சா படத்தோட புள்ளியும் சேர்ந்து வரும். இந்தக் கார்டுல ஏ.வி. வாய் இருந்தா செட்டாப் பாக்ஸை அதுல மாட்டிப் பதிவு பண்ணலாம், அது ஒரு வழிதான். ஆனா அந்தப் பெட்டியை யாரும் சேனல் மாத்தக் கூடாது. எங்க வீட்டுல சீரியல் நேரத்துல அது நடக்கிற காரியமா?

மூணாவதுதான் 'டிஜிட்டல்'னு போட்டு விக்கிற கார்டு. இதுலதான் கவனம் வேணும். டிஜிட்டல்ங்கிற ஒரே பேர்ல ரெண்டு சாதி இருக்கு. டிவிபி-டின்னு ஒண்ணு, தரையில இருக்கிற டவர்ல இருந்து வர்ற டிஜிட்டல் சிக்னலைப் பிடிக்கும். டிவிபி-எஸ்னு இன்னொண்ணு, செயற்கைக்கோள்ல இருந்து டிஷ் வழியா வர்றதைப் பிடிக்கும். ஜெர்மனியில படிக்கிற எங்க பங்காளி மகன் ஊருக்கு வந்தப்போ விரல் நீளத்துல ஒரு யுஎஸ்பி குச்சி கொண்டு வந்திருந்தான். அந்த ஊர்ல ஜன்னல் ஓரமா சின்ன ஆன்டெனா வச்சாலே கண்ணாடி மாதிரிப் படம் வருமாம். இங்கே லேப்டாப்புல சொருகிட்டுத் தேடு தேடுன்னு தேடுனான், ஒரு சேனல்கூட வரலை. குச்சி மேல தப்பில்லை. அது டிவிபி-டி, எங்க மலை டவர்ல அப்போ அந்த ஒளிபரப்பே கிடையாது.

எங்க தார்சு மேல அப்போ இருந்தது தூர்தர்ஷனோட டிடி டைரக்ட் பிளஸ் டிஷ். 2004 டிசம்பர்ல ஆரம்பிச்சது, மாசக் கட்டணம் கிடையாது. அப்போ 93.5 டிகிரி கிழக்குல நின்ன இன்சாட் 4பி-யில இருந்து வந்துச்சு. முக்கியமா, சிக்னலைப் பூட்டாம அனுப்புனாங்க. அதனால டிவிபி-எஸ் கார்டுலயும் நேரா வந்துச்சு. காசு கட்டிப் பார்க்கிற டிடிஹெச் அப்படியில்லை. அவங்க பூட்டி அனுப்பறாங்க, சாவி அவங்க பெட்டிக்குள்ள சொருகுற அட்டையில இருக்கு. கார்டு வாங்கி மாட்டிட்டா அந்தச் சேனல் எல்லாம் சும்மா வரும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

ஆக எனக்கு வேண்டியது டிவிபி-எஸ். எஸ்2-ன்னு அதுக்கு மேல ஒண்ணு இருக்கு, விலையும் அதிகம். அதுலயும் இது வரும், ஆனா டிடிக்கு அப்போ அது தேவைப்படலை. அடுத்து, கம்ப்யூட்டருக்குள்ள எந்த மாதிரி சொருகுற இடம் காலியா இருக்குன்னு பார்க்கணும். பழைய போர்டுல வெள்ளையா நீளமா இருக்கிறது பிசிஐ. புதுசுல பிசிஐ எக்ஸ்பிரஸ் இருக்கும், அது அளவே வேற. ஒண்ணுக்கு வாங்குனது இன்னொண்ணுல உட்காராது. மூடியைத் திறந்து செல்போன்ல படம் பிடிச்சு மகளுக்கு அனுப்புனேன். அது கடையில காட்டி வாங்கிட்டு வந்துச்சு, 2,400 ரூபாய். அந்த வாரம் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போன முருங்கைக்காய்ப் பணம் அப்படியே அதுக்குப் போச்சு.

மாட்டுற அன்னிக்கு மகள் போன்லயே இருந்துச்சு. "அப்பா, பவர் ஒயரைப் புடுங்கிட்டீங்களா? சுவிட்சை நிறுத்துனா மட்டும் பத்தாதுங்க."

"புடுங்கிட்டேன் கண்ணு."

"உள்ள கை வைக்கிறதுக்கு முன்னாடி கேபினெட் தகரத்தை ஒரு தடவை தொடுங்கப்பா." உடம்புல இருக்கிற நிலைமின்சாரம் சிப்புல பாய்ஞ்சா அது வீணாப் போயிருமாம், அதுக்குத்தான்.

பின்பக்கம் இருக்கிற சின்னத் தகட்டைக் கழட்டுனேன். கார்டை ரெண்டு முனையிலயும் ஒரே சீரா அழுத்துனா 'டக்'குனு உட்கார்ந்துரும், ஒரு பக்கமா அழுத்தக் கூடாது. அப்புறம் ஒரு திருகு, அவ்வளவுதான். மோட்டார் ஸ்டார்ட்டரைப் பிரிச்சு மாட்டுறவங்களுக்கு இது பெரிய வேலை இல்லைங்க.

வேலை இருந்தது தார்சு மேலதான். டிஷ்ஷுக்கு முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்குமே எல்.என்.பி, அது ஒரு வாய் உள்ளது. டிவிக்கும் கம்ப்யூட்டருக்கும் தனித்தனியா ஒயர் வேணும்னா ரெண்டு வாய் உள்ளதை மாட்டணும். பழையது எந்தச் சாய்வுல இருந்துச்சோ அதே சாய்வுல புதுசும் நிக்கணும். அதனால கழட்டுறதுக்கு முன்னாடியே சாக்பீஸ்ல கோடு போட்டு வச்சுக்கிட்டேன். டிஷ்ஷை அசைக்கவே இல்லை.

ஒயர் முனையில பித்தளை கனெக்டர் போடும்போது ஒரு விஷயம். நடுக்கம்பியைச் சுத்தி வலை மாதிரிக் கம்பி இருக்கும். அதுல ஒரு மயிரிழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட் ஆயிரும். எல்.என்.பிக்கு வேண்டிய 13, 18 வோல்ட் கரண்ட்டை இதே ஒயர்லதான் கார்டு மேல அனுப்புது. அதனால கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டு இருக்கும்போது இந்த ஒயரைக் கழட்டுறதோ சொருகுறதோ வேண்டாம்.

கூட வந்த சிடியைப் போட்டு மென்பொருளை ஏத்துனதும், எல்.என்.பி என்ன வகைன்னு கேக்கும். நம்ம ஊர்ல பெரும்பாலும் 'யுனிவர்சல்'தான், 9750, 10600-ன்னு ரெண்டு எண் வரும். சேனல் தேடும்போது ரெண்டு கோடு ஏறி இறங்கும். ஸ்ட்ரெங்த் கோட்டை நம்பாதீங்க, எல்.என்.பி உயிரோட இருந்தாலே அது ஏறும். குவாலிட்டி கோடு ஏறுனாத்தான் சரியான செயற்கைக்கோளைப் பிடிச்சிருக்குன்னு அர்த்தம். எங்களுக்கு அது ஏறுச்சு. பொதிகை வந்துச்சு. படம் சின்ன டிவியில பார்த்ததைவிடத் தெளிவு.

வானத்துல இருந்து எப்படி வருதோ அப்படியே கார்டு டிஸ்க்குல எழுதுது. கம்ப்யூட்டர் படத்தைப் புதுசா மாத்தி எழுத வேண்டியதில்லை, அதனால பழைய பென்டியமே தாங்குது. அரை மணி நேர நிகழ்ச்சி கிட்டத்தட்ட 1 ஜிபிக்குள்ள அடங்குது. டிஸ்க் பழைய ஃபேட்32 முறையில இருந்தா ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது, நீளமாப் பதிவு பண்றவங்க என்டிஎஃப்எஸ் வச்சுக்கணும். எந்தச் சேனல், எத்தனை மணிங்கிறதை ஒரு தடவை குறிச்சு வச்சுட்டேன். சாயங்காலம் வீட்டுக்காரம்மா கம்ப்யூட்டர் சுவிட்சைப் போட்டாப் போதும், மத்ததை அது பார்த்துக்குது.

இப்போ மாவுப்பூச்சிக்கு வர்றேன். 2010-ல பெங்களூருல இருக்கிற மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம் மூலமா, போர்ட்டோ ரிக்கோவுல இருந்து இந்தப் பூச்சிக்கு எதிரியான குளவிகளைக் கொண்டு வந்தாங்க. அதுல 'அசிரோபேகஸ்'ங்கிற குளவி நல்லா வேலை செஞ்சுது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்துச்சு. கடுகைவிடச் சின்னது. மாவுப்பூச்சி உடம்புக்குள்ள முட்டை வைக்கும், குஞ்சு உள்ள இருந்தே அதைத் தின்னு தீர்த்துரும். ஆனா குளவி விட்ட தோட்டத்துல மருந்து அடிச்சா முதல்ல சாகறது குளவிதான்.

இதைப் பத்தி வந்த நிகழ்ச்சி ஒண்ணு பதிவாகியிருந்துச்சு. பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா ஒரு ஏக்கர் பப்பாளி வச்சிருக்கார். எழுபது தாண்டியாச்சு, எழுதப் படிக்கத் தெரியாது. நோட்டீஸ் கொடுத்தா மடிச்சு மடியில வச்சுக்குவார், அவ்வளவுதான். மறுநாள் அடிக்கிறதுக்கு மருந்து வாங்கி வச்சிருந்தார். கூப்பிட்டு உட்கார வச்சுப் போட்டுக் காட்டுனேன்.

"நிறுத்து சாமி. அந்தப் பூச்சியை மறுக்கா காட்டு."

நிறுத்துனேன். திரைக்குக் கிட்டப் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். மறுபடி ஓட்டச் சொன்னார். நாலு தடவை பார்த்தார். "இது என் தோட்டத்துல பறந்தா எனக்குக் கண்ணு தெரியாது. அது இல்லைன்னு நினைச்சு மருந்தை அடிச்சிருப்பேன்"னார். அப்புறம், "டிவிக்காரன் ஒரு தடவை சொல்லிட்டுப் போயிருவான், நமக்கு ஏறுதா இல்லையான்னு நிக்க மாட்டான். இது நிக்குது"ன்னார்.

மருந்தைக் கடையிலயே திருப்பிக் கொடுத்துட்டு, குளவி வாங்கி விட்டார். ஏற்கெனவே காய்ஞ்ச மரம் காய்ஞ்சதுதான், அதை ஒண்ணும் பண்ண முடியலை. மீதி மரத்துல கொஞ்ச மாசத்துல குருத்து வெள்ளை இல்லாம வந்துச்சு. குளவிக்கும் கார்டுக்கும் நான் பங்கு பிரிக்கப் போறதில்லை. அன்னிக்கு ராத்திரி மருந்து அடிக்காம நின்னதுக்கு அந்த நாலு தடவை பார்த்ததுதான் காரணம், அது எனக்குத் தெரியும்.

குறை இல்லாம இல்லைங்க. பலத்த மழை மேகம் வந்தா சிக்னல் போயிரும், பதிவு துண்டு துண்டா இருக்கும். ஒருமுனையும் சேர்ந்து போற நாள்ல பதிவே இருக்காது. செட்டாப் பாக்ஸைவிடக் கம்ப்யூட்டர் தின்கிற கரண்ட் ரொம்ப ஜாஸ்தி, அதனால நிகழ்ச்சி முடிஞ்சதும் நிறுத்திடறோம். ஐப்பசியில இடி இறங்குற காலத்துல கருக்கல் கட்டும்போதே டிஷ் ஒயரைக் கம்ப்யூட்டர்ல இருந்து கழட்டிப் போட்டுடணும். அப்பவும் முதல்ல கம்ப்யூட்டரை நிறுத்திட்டுத்தான். தார்சு மேல இருக்கிற டிஷ்ஷுல இடி விழுந்தா அது ஒயர் வழியா நேரா உள்ளதான் வரும்.

இப்போ ஞாயித்துக்கிழமை ராத்திரி எங்க வீட்டுல ஏழெட்டுப் பேர் கூடறாங்க. மானிட்டரைத் திண்ணைப் பக்கம் திருப்பி வச்சுடறோம். போன வாரம் தேமோர் கரைசல் ஓடுச்சு. தேங்காய்ப் பால் எவ்வளவு, மோர் எவ்வளவு, எத்தனை நாள் புளிக்கணும்னு சொல்ற இடத்துல பொம்பளைங்க மூணு பேர் நிறுத்தச் சொன்னாங்க. ஒருத்தர் மக நோட்டுல எழுதிக்கிச்சு. வர்ற வாரமும் அதையே போடச் சொல்லியிருக்காங்க.